எங்கே போகிறது இந்தப் பெட்டி?

நான் வேலையை விட்டு ஐந்து மாதமாகிறது. கடையில் நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு தொடுதிரை நிற்கிறதாம். வருகிறவர் அதில் மான் படத்தையோ வட்டம் போட்ட இலக்குப் படத்தையோ தொட்டால், அவருக்குரிய தோட்டாப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அது காட்டிவிடுமாம். இந்தச் செய்தியைச் சொன்னவள் மயூரி. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. இப்போது அந்தக் கடைக்கு அவள்தான் மனேஜர். போன கிழமை ரெலிபோன் எடுத்தாள்.

"அங்கிள், ஹன்ரிங் அம்மோவுக்கும் டார்கெற் அம்மோவுக்கும் என்ன டிஃபரன்ஸ் எண்டு எழுதித் தாங்கோ. நியூ ஸ்ராஃப் எல்லாரும் கொன்ஃபியூஸ் ஆகினம். ஜஸ்ற் வன் பேஜ், ஓகே?"

"ஒரு பக்கத்தில அடங்காது பிள்ளை."

"ஏன் அங்கிள், ரெண்டு பரகிராஃப் காணுமே?"

வித்தியாசத்தைச் சொல்ல இரண்டு பந்தி போதும் என்பது உண்மைதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒரே துவக்கில் இரண்டு வகைத் தோட்டாவும் போடலாம். முன்னூற்றெட்டு என்று நாங்கள் சொல்லும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து அடைத்த பித்தளைக் கோது ஒன்று, நீளம் ஏறக்குறைய ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடப் பிறந்தவை போல இருக்கும். வித்தியாசம் எல்லாம் முனையில் இருக்கும் குண்டில்தான். இலக்குச் சுடுகிறவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முதலாவது குண்டு போன ஓட்டைக்குள்ளேயே இருபதாவதும் போக வேண்டும். ஆகவே அந்தக் குண்டை நிறை பிசகாமல், உருவம் பிசகாமல் செய்வார்கள். வெளித்தகடு மெல்லியது. நுனியில் குண்டூசித் தலை அளவில் ஒரு துவாரம் இருக்கும். அது செய்முறையில் வருகிற துவாரம், வேறு ஒன்றுக்கும் அல்ல. கடதாசியில் பட்ட பிறகு அந்தக் குண்டு என்ன ஆனாலும் ஒருவருக்கும் கவலை இல்லை.

வேட்டைக்காரருக்கு அப்படி இல்லை. அவருக்குப் பட்ட பிறகுதான் கதையே தொடங்குகிறது. மான் நெடுநேரம் நோகாமல், நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். அதற்காக நுனியில் மிருதுவான ஈயத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். உள்ளே போனதும் அது காளான் போல விரியும். கடதாசியில் ஒரு விரல் அங்கே இங்கே போனாலும் பரவாயில்லை. இலக்குக் குண்டை மானுக்கு அடித்தால் என்ன நடக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. சில நேரம் விரியாமல் ஊசி போல ஊடுருவிப் போகும், சில நேரம் தோளெலும்பில் பட்டு மேலேயே சிதறும். இரண்டிலும் மான் ஓடிவிடும். ஓடி, எங்கோ ஒரு புதர்ப் பற்றைக்குள் இரண்டு நாள் கிடந்து சாகும்.

இவ்வளவுதான் மயூரி கேட்டது. இனி எழுதப் போவதை அவள் வெட்டினால் வெட்டட்டும்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு ஓடி வந்தவன் நான். பார்க்டேலில் ஏழு பேர் ஒரு அறையில் இருந்தோம். கோப்பை கழுவினேன், பேப்பர் போட்டேன். பிறகு இந்தக் கடையின் வெயார்ஹவுசில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்தது. ஒருவரும் கத்தவில்லை. ஊரில் இருந்த அம்மாவுக்கு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று எழுதினேன். அதே சொல்லைத்தான் பெண் பார்க்கும்போதும் சொன்னார்கள். கலியாணம் முடிந்து முதன்முதலாகக் கடையைப் பார்க்க வந்த என் மனைவி, சுவரில் வரிசையாக நின்ற துவக்குகளைப் பார்த்துவிட்டு, "இதென்ன விளையாட்டப்பா?" என்று கேட்டாள். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

கவுண்டருக்கு வர வேண்டுமென்றால் எனக்கும் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். வகுப்பில் ஆசிரியர், இதற்கு முதல் துவக்கைக் கிட்டத்தில் கண்டிருக்கிறீர்களா என்று எல்லாரையும் கேட்டார். "நிறையக் கண்டிருக்கிறேன், ஆனால் எப்போதும் மற்றப் பக்கத்தில் இருந்து" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்.

கடைக்குச் சொந்தக்காரர் கோர்டன். நெடுத்த மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கோபம் கூடக்கூடத் துடைக்கிற நேரமும் கூடும். நாங்கள் நேரத்தைப் பார்த்துக் கோபத்தை அளப்போம். அவருக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. தோட்டா வாங்க வருகிறவரின் லைசென்ஸைப் பார்த்தாயிற்று, பெட்டியை எடுத்தாயிற்று. அதைக் கையில் கொடுப்பதற்கு முதல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது எங்கே போகிறது?" சுடப் பழகும் ரேஞ்சுக்கு என்பார்கள் சிலர், காட்டுக்கு என்பார்கள் சிலர். பதில் வரும் வரைக்கும் பெட்டியில் இருந்து கையை எடுக்கக் கூடாது. முப்பது வருடம் வந்து போகிற பொலிஸ்காரர் ஆனாலும் கேட்க வேண்டும். கோர்டன் தன் சொந்தத் தம்பியிடமே கேட்பதை நான் கண்டிருக்கிறேன்.

"கேட்காமல் கொடுத்தால் நீ திரும்ப வெயார்ஹவுசுக்குத்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். மீறியது கனகசபை அண்ணையிடம்.

கனகசபை அண்ணை வடமராட்சிக்காரர். ரூஜில் வீடு. ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஆட்கள் கிரிக்கெட், கார்ட்ஸ் என்று திரிய, இவர் மட்டும் ரேஞ்சில் படுத்திருந்து கடதாசியில் ஓட்டை போடுவார். போட்டிகளுக்கும் போவார். ஆறு வருடமாக என்னிடம் வாங்குவது ஒரே தோட்டாதான்: முன்னூற்றெட்டு, இலக்கு வகை, இருபது போட்ட பெட்டி நான்கு.

அது நவம்பர் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். அண்ணை வந்தார். தலைமயிரை வாரி இழுத்து, நெற்றியில் திருநீறு பூசி, புது ஜக்கெற் போட்டு, ஏதோ நல்ல காரியத்துக்குப் புறப்பட்டு வந்தவராக நின்றார்.

"தம்பி, வழமையான பெட்டியில ஒண்டு தா."

லைசென்ஸைப் பார்த்தேன். பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். கை பெட்டியில் இருக்கிறது. வாய் திறக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ஒருவர் புறப்பட்டு நிற்கும்போது எங்கே போறியள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. சின்ன வயதில் அப்படிக் கேட்டு அப்பாவிடம் வாங்கிய குட்டு இன்னும் உச்சியில் இருக்கிறது. கட்டாயம் கேட்க வேண்டும் என்றால் தூரமோ என்று கேட்கலாம். அதைத்தான் கேட்டேன்.

"தூரமோ அண்ணை?"

"ஓம் தம்பி, கொஞ்சம் தூரந்தான். வரட்டே?"

"ஓம், வாங்கோ அண்ணை."

போட்டி ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இது எதுக்கு அண்ணை என்று வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். அந்த நேரம் தோன்றவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் தட்டை நிரப்பப் போனபோதுதான் கண்ணில் பட்டது. தட்டில் ஒரு பெட்டிக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. நான்கு பெட்டி வாங்குகிற மனிதர் ஒன்று வாங்கியிருக்கிறார். போட்டிக்குப் போகிறவருக்கு இருபது தோட்டா எந்த மூலைக்கு? பழகிப் பார்க்கவே காணாது. இருபது போதும் என்று நினைக்கிற ஆள் ஒருவர்தான், அது வேட்டைக்காரர். அடுத்த நாள் திங்கட்கிழமை வடக்கே மான் வேட்டை தொடங்குகிறது. அண்ணையின் காரின் பின்கண்ணாடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தொப்பி கிடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்கப் போடச் சொல்லும் தொப்பி அது.

நேரே கோர்டனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எங்கள் பழக்கத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அவர் துடைத்ததை அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு சின்னத் தகரப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சில் இரண்டு குழி. ஒன்றில் விரிந்து காளான் போலான ஒரு குண்டு. மற்றக் குழி வெறுமை.

"இது என்னுடைய முதல் மான்" என்றார், குண்டைத் தொட்டு.

"மற்றது?"

"மற்றது இன்னும் அந்த மானிடம்தான் இருக்கிறது."

பத்தொன்பது வயதில், கிடைத்த தோட்டா நல்ல தோட்டா என்று இலக்கு வகையோடு காட்டுக்குப் போயிருக்கிறார். பட்டது தெரிந்தது. இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. இரண்டு நாள் தேடியும் மானைக் காணவில்லை. அந்த மானுக்காகத்தான் அந்தக் கேள்வி என்று அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. இத்தனை வருடம் அதை ஒரு கடைக்காரனின் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

தட்டில் இருந்து ஈயமுனைத் தோட்டாப் பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதோடு இலக்குக் கடதாசி நான்கைந்தும் சுருட்டித் தந்தார்.

"கடதாசி ஏன்?"

"அவருடைய துவக்கு ஆறு வருடமாக ஒரு குண்டுக்குத்தான் பழகியிருக்கிறது. புதுக் குண்டு வேறு இடத்தில் படும். சுட்டுப் பார்த்துச் சரிசெய்யாமல் விடாதே. நீ கொடுத்ததை நீயே போய் எடுத்து வா. நாளைக்கு விடிய அந்தப் பெட்டி காட்டில் இருந்தால் நீ இந்தக் கவுண்டருக்கு வர வேண்டாம்."

அண்ணையின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். எடுபடவில்லை. வீட்டுக்கு எடுத்தேன். அவருடைய மனைவி ரஞ்சியக்கா.

"அக்கா, அண்ணை எங்க போயிருக்கிறார்?"

"ஐயோ தம்பி, வெளிக்கிட்டு நிண்ட மனுசனை நான் எங்க எண்டு கேக்கேல்லையே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்ல காலம், போகும் இடத்தை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போ என்று வேட்டை வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். அண்ணை நல்ல மாணவன்.

"பொறு, ஃபிரிட்ஜில ஒரு துண்டு ஒட்டிக் கிடக்கு. இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு."

எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். ஒஷாவா தாண்டி, வடக்கே திரும்பி, மூன்று மணித்தியால ஓட்டம். கடைசி அரை மணித்தியாலம் கல் றோட்டு. என் பழைய காரின் அடிவயிறு கல்லில் இடிக்க இடிக்க, எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

இரண்டு மணி அளவில் மரக் குடில் ஒன்று தெரிந்தது. வாசலில் ஐந்தாறு வெள்ளைக்காரர்கள் பியரோடு நின்றார்கள். நடுவில் கனகசபை அண்ணை செம்மஞ்சள் தொப்பியோடு இரும்புச் சட்டியில் எதையோ பிரட்டிக்கொண்டிருந்தார். வறுத்த மிளகாய்த்தூள் வாசம் காட்டைத் தூக்கியது.

என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. அகப்பை கீழே விழுந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் இவ்வளவு தூரம் வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆருக்கு என்ன? ரஞ்சிக்கு ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. நான் தந்த தோட்டா பிழை."

பொத்தென்று மரக்குற்றியில் இருந்துவிட்டார். மூச்சு வந்ததும் ஏச்சும் வந்தது.

"விசரா! உதுக்கே இவ்வளவு தூரம் ஓடி வந்தனி? அது நல்ல தோட்டாடா. கடையிலேயே திறம் அதுதான். நுனியில துவாரம் இருக்குதெல்லோ? துவாரம் இருந்தா விரியும் எண்டுதானே வகுப்பில சொன்னவங்கள்."

"அது வேற துவாரம் அண்ணை. விரியிறதுக்கு வைச்ச துவாரம் பெரிசு. உது செய்யேக்க வாற துவாரம். உது மானுக்கு விரியாது."

அவர் திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உவங்களுக்கு முன்னால கதையாதை" என்றார்.

காரணம் பிறகு சொன்னார். தொழிற்சாலைக் கூட்டாளிகள் பல வருடமாகப் போகிற குடில் அது. மூன்று வருடமாகக் கேட்டு இந்த வருடம்தான் இவரைச் சேர்த்திருக்கிறார்கள். அவரைச் சமையலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று பகிடி வேறு. அடுத்த வருடம் முழங்காலுக்கு ஒப்பரேசன். பிறகு காட்டில் நடக்க முடியுமோ தெரியாது. கடதாசிக்குச் சுடும் தோட்டாவோடு மான் சுட வந்த ஆள் என்று தெரிந்தால் முழுக் கிழமையும் சட்டியோடுதான். இதனால்தான் போகும் காரியத்தை என்னிடமும் சொல்லவில்லை. மானோடு வந்து சொல்ல நினைத்திருந்தார்.

ஆனால் பில் என்ற மூத்தவர் கிட்ட வந்துவிட்டார். தோட்டாவில் என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்: நான் கடைக்காரன், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் பிழையான பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

"இல்லை, நான்தான் கேட்டு வாங்கினனான்" என்று அண்ணை ஆங்கிலத்தில் குறுக்கே விழுந்தார். என் வேலை போய்விடும் என்று பயந்து.

"இல்லை, பிழை என்னுடையது."

"இவனுக்கு ஒண்டும் தெரியாது, பிழை என்னுடையது."

பில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பின்னால் நின்ற ஒரு மீசைக்காரர் சத்தமில்லாமல் குடிலுக்குள் போய்த் தன் பெட்டியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இது சரிதானே? மலிவு விலையில் போட்டிருந்தார்கள்."

பார்த்தேன். வேறு கடை, வேறு பெட்டி, அதே முன்னூற்றெட்டு, அதே கடதாசித் தோட்டா. அவர் அந்தக் குடிலுக்குப் பதினைந்து வருடமாக வருகிறவராம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணையின் சிரிப்புத்தான் பெரிது. அதோடு அவருடைய மானமும் திரும்பி வந்தது. நான் கொண்டுபோன பெட்டியைப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள்.

நூறு யார் தூரத்தில் ஒரு பலகையில் கோர்டன் தந்த கடதாசியைக் குத்தினோம். அண்ணை படுத்தார். முதல் வெடி. ஆறு வருடம் நடுப்புள்ளியை விட்டு அசையாத மனிதரின் குண்டு நான்கு விரல் கீழே, ஒரு விரல் இடப்பக்கமாகப் போயிருந்தது.

"பாத்தியே!" என்றார், நான் செய்த குற்றம் போல.

துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடியின் திருகை மெல்ல மெல்லத் திருப்பினார். இரண்டாவது கிட்ட வந்தது. மூன்றாவது நடுவில். நான்காவதும் அதன் தோளில். "காணும் அண்ணை, மிச்சம் மானுக்கு" என்றேன். மீசைக்காரரும் அப்படியே சுட்டுச் சரிசெய்தார். பிழையான இரண்டு பெட்டியையும் நான் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பை இறைச்சிப் பிரட்டலும் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினேன். கடை பூட்டும் நேரம் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கோர்டனின் மேசையில் வைத்தேன். ஒன்று அல்ல இரண்டாக இருந்ததைப் பார்த்தார். கேட்டார், சொன்னேன். கண்ணாடியைத் தொடவே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணை கடைக்கு வந்தார், ஒரு கையில் சட்டி, மற்றக் கையில் பாண் ரொட்டி. மான் எட்டடிகூட ஓடவில்லையாம். அதைச் சொல்லும்போது எட்டடியையும் கடைக்குள் நடந்து காட்டினார். கறி ரஞ்சியக்காவின் கை. கோர்டன் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் மற்றப் பொடியன்களும் பயந்து மணிக்கூட்டைப் பார்த்தோம்.

சாப்பிட்டு முடிய அண்ணை பொக்கெற்றில் இருந்து ரிஷ்யூப் பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். மானின் மற்றப் பக்கத் தோலடியில் நின்ற குண்டு. அழகாக விரிந்திருந்தது. நான் கோர்டனின் தகரப் பெட்டியில் இருந்த வெறுங்குழியைக் காட்டி, இதை அதில் வைக்கலாமே என்றேன்.

"அந்த இடம் காலியில்லை" என்றார் கோர்டன். குண்டை என் பக்கம் தள்ளி, "இது உன்னுடையது. நீ வேறு பெட்டி தேடு" என்றார்.

அது இப்போது என் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி ஆரம்பத்தில் சத்தம் போட்டாள். இப்போது அதற்கும் சேர்த்துப் பூ வைக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் எங்கள் ஆட்களிடம் கேள்வியைக் கேட்கத் தயங்கியதில்லை. சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் திரும்பிப் போய்க் சகுனம் கழியக் காருக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வருவார்கள். கனகசபை அண்ணை மட்டும் நான் கேட்கும் வரைக்கும் பொறுக்கமாட்டார். ஒவ்வொரு நவம்பரும் திருநீறோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்க, "கேளடாப்பா, நான் எங்க போறன் எண்டு கேள்!" என்பார். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகும் நாலு வருடம் போனார். பிறகு துவக்கைப் பில்லின் மகனுக்குக் கொடுத்துவிட்டார். கடைக்கு வருவதும் நின்றுவிட்டது. கோர்டனும் காலமானார். தகரப் பெட்டி அந்த லாச்சியிலேயே இருக்கிறது. மயூரி, அதை எறிந்துவிடாதே.

என் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. கேக் வெட்டினார்கள். பின்னேரம் சனம் கூடிவிட்டது. குனிந்து லைசென்ஸ் பார்ப்பதும் பெட்டி எடுப்பதுமாக நின்றேன். அடுத்தது என்று நிமிர்ந்தால், வரிசையில் ஊன்றுகோலோடு கனகசபை அண்ணை நிற்கிறார். தலை இழுத்து, நெற்றி நிறையத் திருநீறு. துவக்கும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஒன்றும் வாங்க வரவில்லை என்பது தெரிகிறது. இந்த முறை கேள் என்று கத்தவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழக்கத்தில் இரண்டு கையையும் வெறும் மேசையில் வைத்தேன்.

"எங்க போறியள் அண்ணை?"

"எங்கயும் போகேல்லை தம்பி" என்றார். "நீ கேக்கிறதைக் கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்."